மன்றாட்டு இல்லாத மாதம்

இஞ்சேருங்கோ,

மகன் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து இதை எழுதுகிறேன். பியர்பொன்ட்ஸ் என்று நகரின் ஒதுக்குப்புறம். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வருவதற்குள் செபமாலை ஒன்று சொல்லி முடித்துவிடலாம், அப்படியான இடம். நேற்றுப் பின்னேரம்தான் வந்தேன். காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டபோது உங்கள் கலண்டர் கட்டு தட்டுப்பட்டது. மற்றச் சாமான்கள் எல்லாம் பெட்டிகளில் கராஜுக்குள் கிடக்கின்றன. இதை மட்டும் பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

முகர்ந்து பார்த்தேன். எங்கள் பழைய சமையலறை அப்படியே அதற்குள் இருந்தது. தாளித்த எண்ணெய், மீன்பொரியல், அடியில் கிடந்த பழைய கலண்டர்களில் நீங்கள் வேலைசெய்த யூதர்களின் செபக்கூடத்திலிருந்து கையோடு கொண்டுவரும் மெழுகு மணம். புதியது வந்தால் பழையதை எறியமாட்டீர்கள். அதன் மேலேயே நூலில் கொழுவுவீர்கள். சுவரில் அது ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே வந்தது. இப்போதாவது அழுகை வருமா என்று கட்டில் விளிம்பில் இருந்து பார்த்தேன். வரவில்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

அந்தக் கலண்டரை நான் என் சக்களத்தி என்று சொல்வேன், நினைவிருக்கிறதா? ஒரு ஆணியில் மன்னாரிலிருந்து உங்கள் தம்பி அனுப்பும் பங்குக் கோயில் கலண்டர், பக்கத்து ஆணியில் அது. பங்குக் கலண்டரில் மாதத்துக்கு ஒரு அர்ச்சிஷ்டவரின், ஒரு புனிதரின், படம் இருக்கும். மற்றதில் படம் என்று மருந்துக்கும் இல்லை. எபிரேய எழுத்தும் ஆங்கிலமும் நெருக்கி அச்சடித்த சின்னப் புத்தகம். எந்த நாளில் எந்தச் செபத்தைச் சொல்வது, எந்த நாளில் எதை விட்டுவிடுவது, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திரி ஏற்றுவது, எந்த இரவிலிருந்து மழைக்கு மன்றாடத் தொடங்குவது, எல்லாம் அதில் இருக்கும். வருடம் செப்டெம்பர் அளவில் தொடங்கும். மாதம் நிலவோடு போகும். சில வருடங்களில் ஒரே மாதம் இரண்டு தரம் வரும். “மாசம் காணாட்டி அவையள் இன்னொண்டைச் சேர்த்துப் போடுவினம்,” என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

மகன் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த அந்தச் சின்னச் செபக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கலண்டரின் ஆட்சிதான். சொந்தக்காரர் கலியாணத்துக்குச் சொல்ல வந்தால், திகதியைக் கேட்டவுடன் எழும்பி ஆணிப் பக்கம் போவீர்கள். பனிக்காலத்தில் சூரியன் நாலு மணிக்கே இறங்கிவிடும், அதோடு அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்று வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை வாயில் போட்டும் போடாமலும் ஓடுவீர்கள். இலையுதிர் காலத்தில் அவர்களுக்குத் திருநாளுக்கு மேல் திருநாள். அந்த ஒரு மாதம் உங்களை நான் காலில் சப்பாத்தோடுதான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் புத்தகத்தில் பாதி வாசிக்கத் தெரியாது. தெரிந்த பாதியின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைப்பீர்கள். “ஹீட்டர் வெள்ளனப் போடவும்.” “கதிரை கூட வேணும்.” “மன்றாட்டு இல்லை.”

அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி நான் ஒருநாள் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என்று நினைக்கிறேன். அவர்கள் மாதிரித் தலையைக் கையில் சாய்த்துக் காட்டி, கடவுளிடம் கெஞ்சிக் கேட்கும் ஒரு செபம் அவர்களுக்கு இருக்கிறது என்றீர்கள். சந்தோஷமான நாட்களில் அதைச் சொல்வதில்லை. பாஸ்கா வருகிற மாதம் முழுவதும் சொல்வதில்லை. அந்த மாதத்தில் யாராவது செத்தால்கூட அடக்கத்தில் நின்று புகழ்ந்து பேசி அழவைப்பது வழக்கமில்லை. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கெஞ்சுவதற்கும் நாள் பார்க்கிறார்களா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. “அவையள் கனக்க அழுத ஆக்கள். அதாலைதான் அழாத நாளையும் எழுதி வைச்சிருக்கினம்,” என்றீர்கள். அப்போது எனக்கு அது நல்ல பேச்சாகத்தான் பட்டது.

அவர்களிடமிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வுநாளில் அவர்கள் நெருப்போ மின்சாரமோ தொடக்கூடாது. உங்களை ஏவவும் கூடாது. அதனால் நேரே கேட்காமல் சாடையாகச் சொல்வார்கள். “இங்கே கொஞ்சம் குளிர்கிறது, இல்லையா,” என்று ஒருவர் பொதுவில் சொன்னால், நீங்கள் ஒன்றும் கேளாதவர் மாதிரி எழும்பிப் போய் ஹீட்டரைக் கூட்டிவிடுவீர்கள். அந்தப் பழக்கம் உங்களில் ஊறிப்போனது. வீட்டிலும் ஒன்றும் நேரே கேட்கமாட்டீர்கள். “தேத்தண்ணி குடிச்சுக் கனநேரமாச்சு போலை,” என்று யன்னலைப் பார்த்துச் சொல்வீர்கள். கேட்டால் வாயில் இருக்கிற முத்தா கொட்டிவிடும் என்று நான் பேசுவேன். பேசிக்கொண்டே அடுப்பை மூட்டுவேன்.

உங்கள் அம்மா செத்த சேதி வந்த நாளை நினைக்கிறேன். சண்டைக்காலம். பாதை பூட்டு. தொலைபேசியில் தம்பி விட்டுவிட்டுப் பேசினான், பாதி கேட்கவில்லை. போகவும் வழியில்லை, போனாலும் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் ரிசீவரை வைத்துவிட்டு முகம் கழுவி வேலைக்குப் போனீர்கள். அன்று ஓய்வுநாளுக்கு முதல்நாள், கலண்டர் அப்படி. பங்கில் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தோம். நீங்கள் அதிலும் அழவில்லை.

அவர்களுக்கு வருடத்தில் நாலு நாள் இறந்தவர்களை நினைக்கும் செபம் உண்டு. அந்த நேரம் வந்ததும் தாய் தகப்பன் இரண்டு பேரும் உயிரோடு இருப்பவர்கள் எழும்பி வெளியே போய்விட வேண்டும். மற்றவர்கள் உள்ளே நிற்பார்கள், கதவைச் சாத்துவார்கள். அந்தக் கதவு உங்கள் பொறுப்பு. சாத்திவிட்டு, வெளியே நடைபாதையில் சிறுவர்களோடும் இளம் தம்பதிகளோடும் நிற்பீர்கள். உள்ளே பாடுபவரின் குரல் மாறுவதை வைத்து, முடிந்தது என்று அறிந்து திறந்துவிடுவீர்கள். அம்மா செத்த பிறகு வந்த பாஸ்காவின் கடைசி நாளிலும் வழக்கம்போல வெளியேதான் நின்றீர்கள். செபங்களின் ஒழுங்கைப் பார்க்கும் பெரியவர், கபாய் என்பார்கள், நீங்கள் வீட்டில் “எங்கடை கிழவன்” என்பீர்கள், அவர் பிறகு உங்களைத் தனியே கூப்பிட்டாராம். முதல் வருடம் காயம் பச்சையாக இருக்கும், அதனால் எங்களிலும் பலர் அந்த வருடம் உள்ளே நிற்பதில்லை, நீயும் பொறு என்று சொன்னாராம். வருடம் திரும்பியதும் அடுத்த நினைவுநாள் எப்போது வருகிறது என்று அவரே உங்கள் கலண்டரில் பேனையால் கோடு போட்டுத் தந்தார்.

அது அவர்களின் பாவப்பரிகார நாளில் வந்தது. இரவு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக் கதிரையில் இருந்தீர்கள். “இண்டைக்கு நான் உள்ளை நிண்டனான்,” என்றீர்கள். கதவோரம், சுவரைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சொன்னேன் என்றீர்கள். அதோடு உங்கள் தோள் குலுங்கத் தொடங்கியது. வருடக்கணக்காக இறுகிக் கிடந்தது எல்லாம் அன்று அந்தக் கதிரையில் இறங்கியது. யூதர்களின் செபக்கூடத்தில் நின்று மன்னார்க் கிழவிக்கு அழுதுவிட்டு வந்த மனிசனை அன்றுதான் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கலண்டரில் எனக்குக் கோபம் இல்லை. அதன்பிறகு நீங்கள் எப்போதும் உள்ளேதான் நின்றீர்கள். கதவை உள்ளிருந்து சாத்தினீர்கள், உள்ளிருந்து திறந்தீர்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். உங்களுக்காக அழுவதற்கென்று ஒரு நாள், நிற்பதற்கு ஒரு இடம். அது எனக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களை வைத்திருந்த அந்தக் கிழமைகளில் ஒருநாள் என்னைப் பார்த்து, “இஞ்சாரும், வீட்டு யன்னல் பூட்டினனீரோ?” என்றீர்கள். பூட்டினேன் என்றேன். கொஞ்சம் பொறுத்து, “அடுப்படி லைற் எரிஞ்சுகொண்டு கிடக்கோ தெரியாது,” என்றீர்கள். எனக்கு விளங்கியது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டீர்கள். நேரே கேட்க உங்களுக்கு வராது. டாக்டரிடம் நான் போய் நேரேதான் கேட்டேன், மகனை மொழிபெயர்க்க வைத்து மறுபடியும் கேட்டேன். ஒட்சிசன் இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கமாட்டார் என்றார்கள். திரும்பி வந்து, லைற் நிற்பாட்டித்தான் வந்தேன், நீங்கள் யோசிக்காதேங்கோ என்றேன். “ஓம்,” என்றீர்கள். நீங்களும் விளங்கிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய வியாழனன்று விடியப் போனீர்கள். சாக அவ்வளவு நாள் இருக்க, அந்த நாளைப் பார்த்துப் போனீர்கள். பெரிய வெள்ளி, சனி, உயிர்த்த ஞாயிறு, மூன்று நாளும் அடக்கப் பூசை வைக்க முடியாது என்றார் பங்குச் சுவாமி. பாவம், அவர் என்ன செய்வார், திருச்சபை ஒழுங்கு அது. உங்களைக் குளிர் அறையில் விட்டுவிட்டு நான் பெரிய வெள்ளிக் கோயிலில் முழங்காலில் இருந்தேன். சனம் எல்லாம் ஆண்டவரின் பாடுகளுக்குக் கண்ணீர் விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது. ஆண்டவருக்கு அழலாம், என் மனிசனுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் கபாய் வந்தார். அவர்களுக்குப் பாஸ்கா நடந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றாமல் உங்கள் கதிரைக்கு எதிரே இருந்தார். ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்க முடியாது, அந்தக் கிழமையில் அவர் எங்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பிறகு, உங்கள் கணவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, இந்த மாதத்தில் அப்படிப் பேசுவதில்லை என்றார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓரத்தில் உங்கள் கையெழுத்து. மன்றாட்டு இல்லை.

உயிர்ப்புக் கிழமையில் உங்களை அடக்கினோம். பீடத்தில் லீலிப் பூ, சுவாமி வெள்ளை உடுப்பு, பாடகர் குழு அல்லேலூயா பாடியது. நான் ஊரில் கேட்ட மாதிரி வாய்விட்டு ஒப்பாரி வைக்கப் போகிறேனோ என்று மகனுக்குப் பயம், கையை இறுக்கிப் பிடித்திருந்தான். வைக்கவில்லை. உள்ளே ஏதோ பூட்டிக்கொண்டது. இரண்டு கலண்டரும் சேர்ந்து எனக்கு அழாதே என்று சொன்னது போல இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசை, கல்லறைத் திருநாள் எல்லாம் வந்து போயின. சனத்துக்குச் சாப்பாடு போட்டேன், சட்டி கழுவினேன். இரவில் முகத்தைத் தலையணையில் புதைத்து முயன்றும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத. கடவுளிடமும் இப்போது பேச ஒன்றும் இல்லை. செபமாலையை விரல் உருட்டுகிறது, அவ்வளவுதான்.

செப்டெம்பரில் புதிய கலண்டர் தபாலில் வந்தது. உங்கள் பெயருக்கு. கபாய்தான் அனுப்பியிருந்தார். அவர்கள் கணக்கில் நீங்கள் போன நாளைப் பேனையால் வட்டமிட்டு, அதற்கு மூன்று நாள் தள்ளிப் பாஸ்காவின் கடைசி நாளில் கோடு போட்டிருந்தார், அன்றைக்கு உங்களுக்குப் போட்ட மாதிரியே. தொலைபேசியில் அழைத்தேன். இங்கிலீஷ் கலண்டர்படி வருடம் முடியாது, ஆனால் எங்கள் கணக்கில் அன்றைக்குள் முடிந்திருக்கும், நீங்கள் வந்து உள்ளே நில்லுங்கள் என்றார். சரி என்றேன். பனிக்காலம் முழுவதும் அந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மாசி மாதம் அவர் மறுபடியும் அழைத்தார். குரலே மாறியிருந்தது. காலைச் செபத்துக்குப் பத்து ஆண்கள் சேரவேண்டும், அது கனகாலமாகச் சேரவில்லை. கட்டடத்தை விற்றாயிற்று. இருக்கும் சிலர் வேறொரு பெரிய செபக்கூடத்தோடு சேர்கிறார்கள். அவர் ரொறன்ரோவுக்கு மகளிடம் போகிறார். இனிக் கலண்டரும் வராது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். பங்குனியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. நீங்கள் மினுக்கி மினுக்கி வைத்த பித்தளைக் கைப்பிடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இறங்காமலே திரும்பி வந்தேன். அந்தக் கிழமைதான் மகனிடம், உன் வீட்டுக்கே வாறன் என்று சொன்னேன். அவன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தான், உடனே லீவு எடுத்தான்.

அவனுக்கு லீவு கிடைத்த நாள் நேற்று. கலண்டரில் கோடு போட்டிருந்த நாள். அவனுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. சாமான் கட்ட மருமகளும் எங்கள் பழைய வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்திக்குச் சளி, பிள்ளைக் காப்பகத்துக்கு, கார்தரிக்கு, அனுப்பாமல் அவளையும் கூட்டி வந்திருந்தார்கள். மகன் பெட்டிகளின் வாயை மூடி ரேப் போட்டு ஒட்டினான். பகிடி விட்டுக்கொண்டே வேலை செய்தான். நீங்கள் போன நாளிலிருந்து அவன் அப்படித்தான், என்னைச் சிரிக்கவைப்பதுதான் தன் கடமை என்று நினைக்கிறான். சமையலறைச் சுவரில் கை வைத்து, “அம்மா, இந்தக் கலண்டருகளை என்ன செய்யிறது?” என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு என்னவோ வந்தது. உங்களைப் போலச் சாடையாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மருமகளிடம் நேரே சொன்னேன்.

“பிள்ளை, உன்ரை அம்மா அப்பா இரண்டு பேரும் இருக்கினம். நீ குழந்தையோடை கொஞ்சம் வெளியிலை நில்லு.”

அவள் திகைத்து மகனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓம் மாமி,” என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனாள். மகனும் பின்னால் போகத் திரும்பினான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீ போகக்கூடாது. நீ இனி உள்ளை நிற்கிற ஆள்.”

சமையலறைக் கதவைச் சாத்தினேன். நாலைந்து வசனத்தில் விசயத்தைச் சொன்னேன். நீங்கள் அப்பம்மாவுக்கு நின்ற கதையை அவன் அன்றுதான் கேட்டான். கையில் ரேப் சுருளோடு அப்படியே நின்றான். “நான் என்னம்மா சொல்லுறது?” என்றான். எனக்கு அவர்கள் செபம் தெரியாது. எங்கள் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. பேரைச் சொல்லு என்றேன்.

அவன் உங்கள் பெயரைச் சொன்னான். அப்பா என்றல்ல, உங்கள் பெயரை. அவன் வாயில் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. சுவரில் நெற்றியை வைத்து, கலண்டர் தொங்கிய ஆணிக்குக் கீழே, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு நானும் சொன்னேன். உங்களோடு வாழ்ந்த இத்தனை காலத்தில் உங்கள் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அது முதல் தரம். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரத்தையும் மகன் ஏற்கெனவே நிற்பாட்டியிருந்தான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண் வறண்டுதான் கிடந்தது. பனிக்காலம் முழுவதும் காத்திருந்த நாளும் வந்து, என் முன்னால் நின்று, போய்விட்டது.

கலண்டர் கட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். நாலு நாளுக்கும் கோடு போட இனி ஆள் இல்லை. இதிலே இருக்கும் நாட்கள் ஆவணியோடு முடிந்துவிடும். அதன்பிறகு இதைத் தூக்கிக்கொண்டு திரிவேன், நாள் தெரியாமல்.

மகன் அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தான். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெளியே இருந்து பேத்தி கதவைத் தட்டினாள். முடிந்துவிட்டதா என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். “அப்பம்மா, செ ஃபினி?”

நாங்கள் அசையவில்லை. எப்போது முடிகிறது என்று அறிந்து கதவைத் திறப்பவர் நீங்கள்தான்.